ஒரு கட்டை மைனர், இரண்டரைக் கட்டை மேஜர்: சிம்பொனி கேட்பது பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய செய்தியைப் படித்ததிலிருந்து சிம்பொனி கேட்க ஆசை. சிம்பொனி என்றால் நூறு வயலின் சேர்ந்து வாசிப்பதுதானா? எதில் தொடங்கலாம்? (வாசகர், திண்டுக்கல்)

எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பதை வைத்து ஒன்றைச் சிம்பொனி என்று சொல்வதில்லை. 2025 மார்ச் 8 அன்று ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்த 'வேலியன்ட்' சிம்பொனி என்று அழைக்கப்படுவது அதன் கட்டமைப்பால். சிம்பொனி என்பது ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதப்பட்ட, பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்ட நீண்ட ஆக்கம். ஒவ்வொரு பகுதியையும் மூவ்மென்ட் என்பார்கள். வழக்கமாக முதலாவது வேகமும் வாதமும் நிறைந்தது, இரண்டாவது நிதானமானது, மூன்றாவது நடனச் சாயல் கொண்டது, நான்காவது முடித்துவைப்பது. 1790களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் லண்டனில் தன் சிம்பொனிகளை நடத்தியபோது மேடையில் இருந்தவர்கள் சுமார் 40 பேர்தான்.

தொடங்க வேண்டிய இடமும் அந்த ஹைடன்தான். 94ஆம் சிம்பொனியின் இரண்டாவது மூவ்மென்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1792 மார்ச் 23 அன்று லண்டன் ஹானோவர் சதுக்க அரங்கில் முதன்முதலாக ஒலித்தது. மெட்டை நம் சுரத்தில் அப்படியே பாடலாம்: ஸஸ கக பப கா, மம ரிரி நிநி பா (இந்த நி, ப இரண்டும் மந்திர ஸ்தாயி). அடுத்து ஸஸ கக பப ஸா என்று மேல் ஷட்ஜத்துக்கு ஏறி, மம பா என்று நிற்கும். கடைசி வரியில் வரும் மத்யமம் மட்டும் பிரதி மத்யமம். அதுவரை சங்கராபரணமாக நடந்த மெட்டு, அந்த ஒரு சுரத்தால் பஞ்சமத்தைப் புது வீடாக்கப் பார்க்கிறது. இந்த எட்டு பார் (பார் என்பது ஒரு தாள அளவு) மெட்டு இன்னொரு முறை, இன்னும் மெல்லிய ஒலியில், தந்திக் கருவிகள் சிலவற்றை வில்லின்றி விரலால் மீட்டி வரும். 16ஆவது பாரில் முழு ஆர்கெஸ்ட்ராவும் டிம்பனி என்ற முரசும் சேர்ந்து ஓங்கி அடிக்கும். இந்த அடியால்தான் அதற்கு 'சர்ப்ரைஸ்' என்று பெயர் வந்தது.

ஆனால் பலரும் அந்த அடியைக் கேட்டதும் காதை எடுத்துவிடுகிறார்கள். சரக்கு அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அதே மெட்டு நான்கு விதமாக மாறி வரும். அதுவரை மேஜரில் (நம் சங்கராபரணச் சாயல்) இருந்தது, இரண்டாவது முறை மைனருக்கு (காந்தாரம் இறங்கிய, சோகச் சாயல்) போய் முகம் கறுக்கும். மெட்டை வாயால் பாடிக்கொண்டே, ஒவ்வொரு முறையும் எது மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். சிம்பொனி கேட்பதன் அரிச்சுவடி அதுதான்.

கேள்வி: வானொலியில் வரும் இசை ஆய்வு நிகழ்ச்சிகள் உதவும் என்கிறார்கள். ஒரு புத்தகம் படிப்பதைவிட அதில் என்ன கூடுதல்? (வாசகி, கோவை)

புத்தகம் பாசூன் என்ற ஊதுகருவியைப் பற்றி எழுதத்தான் முடியும். வானொலி அந்தப் பாசூனை ஒலிக்கவே செய்துவிடும். இதைப் பிரிட்டன் சீக்கிரமே கண்டுகொண்டது. பி.பி.சி.யில் வால்ஃபோர்ட் டேவிஸ் 1926லேயே பியானோ முன் உட்கார்ந்து சாதாரண நேயர்களுக்கு இசையைப் பிரித்துக் காட்டினார். 1954இல் ஆன்டனி ஹாப்கின்ஸ் (நடிகர் அல்ல, அதே பெயருள்ள இசையமைப்பாளர்) தொடங்கிய 'டாக்கிங் அபவுட் மியூசிக்' ஏறக்குறைய 40 ஆண்டு ஓடியது. பிறகு ரேடியோ 3இல் 'டிஸ்கவரிங் மியூசிக்' வந்தது. அதில் ஸ்டூடியோவிலேயே ஒரு ஆர்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு துண்டு துண்டாக வாசிக்கச் சொல்லி விளக்குவார்கள். ஒரே படைப்பின் பல பதிவுகளை ஒப்பிட்டுச் சொல்லும் 'பில்டிங் எ லைப்ரரி' 1957இலிருந்து வருகிறது.

நல்ல விளக்குநர் செய்வது மூன்று காரியம். முதலாவது, ஓடும் இசையை நிறுத்தி அதே 10 நொடியைத் திரும்பப் போடுவது. இரண்டாவது, தோல் உரிப்பது. மொஸார்ட்டின் 40ஆம் சிம்பொனியை எடுத்துக்கொண்டால், எல்லோருக்கும் தெரிந்த வயலின் மெட்டை விட்டுவிட்டு வயோலாக்களை (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்திக் கருவி) மட்டும் வாசிக்கச் சொல்வார். மெட்டு வருவதற்கு முக்கால் பார் முன்பே அந்தப் படபடப்பு தொடங்கிவிடுவது அப்போதுதான் காதில் விழும். மெட்டின் தவிப்பில் பாதி அங்கிருந்து வருகிறது. அதைத் தனியாக ஒரு முறை கேட்டவர்கள் பிறகு எந்த அரங்கிலும் தவறவிட மாட்டார்கள்.

மூன்றாவதுதான் மிக உயர்ந்தது: இசையமைப்பாளர் செய்யாததை வாசித்துக் காட்டுவது. 'இந்த இடத்தில் சாதாரண ஒருவர் இப்படித்தான் முடித்திருப்பார்' என்று ஒரு தட்டையான முடிவை வாசித்துவிட்டு, உண்மையானதை உடனே போடுவார்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் காதுக்கே தெரிந்துவிடும். வாழ்க்கைக் கதையே பேசி நடுநடுவே பின்னணியாக இசை போடும் நிகழ்ச்சியாக இருந்தால் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: கர்நாடக இசை 30 வருடமாகக் கேட்கிறேன். சிம்பொனியில் ஐந்தே நிமிடத்தில் வழி தவறிவிடுகிறது. காரணம் என்ன? (வாசகர், கும்பகோணம்)

தம்பூரா இல்லை. அதுதான் முதற்காரணம். உங்கள் காது 30 ஆண்டாக ஒரே ஆதார ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அளந்து பழகியது. சிம்பொனியில் ஷட்ஜமே இடம் மாறும். அப்படி மாறுவதுதான் அதில் கதை. உங்கள் பழக்கத்தைக் கைவிட வேண்டாம், அதையே கருவியாக்குங்கள்.

பீத்தோவனின் 5ஆம் சிம்பொனி சி மைனர், அதாவது ஒரு கட்டை. முதல் மூவ்மென்டின் இரண்டாவது மெட்டு ஈ ஃப்ளாட் மேஜருக்குப் போகிறது, அது இரண்டரைக் கட்டை. இந்த இரண்டுக்கும் உள்ள உறவு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நடபைரவியின் காந்தாரத்தை ஷட்ஜமாக்கினால் சங்கராபரணம் வருமே, அதே கிரகபேதம்தான். நம் கச்சேரியில் கிரகபேதம் செய்பவர் கொஞ்ச நேரம் அங்கே உலாவிவிட்டுத் திரும்புவார், பின்னால் தம்பூரா பழைய ஷட்ஜத்திலேயே இருக்கும். சிம்பொனியிலோ அடியில் இருக்கும் பாஸ், கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), எல்லாமே சேர்ந்து வீடு மாறிவிடும். பழைய ஷட்ஜத்தை நினைவில் வைத்திருக்க வேண்டியது கேட்பவரின் பொறுப்பு.

பயிற்சி இதுதான். கைபேசிச் சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில், பஞ்சமத்தை நிறுத்திவிட்டு ஷட்ஜம் மட்டும் வைத்து, மிக மெல்லிய ஒலியில் ஓடவிடுங்கள். மேலே பீத்தோவனின் முதல் மூவ்மென்டைப் போடுங்கள். முதல் 40 நொடி சுருதி இசையோடு ஒட்டிக்கொண்டு போகும். ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவி முழங்கியதும் வீடு மாறியிருப்பதும், உங்கள் சுருதி வெளியே நின்றுவிட்டதும் புரியும். நடுப்பகுதியில் அது பெரும்பாலும் அந்நியமாகவே கேட்கும். பழைய மெட்டு திரும்பும்போது மறுபடி வந்து ஒட்டும். இரண்டு நாள் இப்படிக் கேட்டுவிட்டு மூன்றாம் நாள் பெட்டியை அணைத்துவிட்டு, அதே ஷட்ஜத்தை மனசுக்குள் பிடித்துக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இன்றைய ஆர்கெஸ்ட்ராக்கள் ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸில் அல்லது அதைவிடச் சற்று மேலே வைக்கின்றன. பழைய காலக் கருவிகளில் வாசிக்கும் குழுக்கள் பீத்தோவனுக்கு 430 வைப்பது வழக்கம். அது ஏறக்குறைய 40 சென்ட் (அரைக் கட்டைக்கு 100 சென்ட்) இறக்கம், கால் கட்டைக்குச் சற்றுக் குறைவு. அப்படிப்பட்ட பதிவைப் போட்டுவிட்டு 'சுருதி சேரவே இல்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், பெட்டியில் நுண் சரிசெய்தல் இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பீத்தோவன் 5ஆம் சிம்பொனியின் முதல் மூவ்மென்டில் எந்த நிமிடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

ஏழேகால் நிமிடம் ஓடும் ஒரு பதிவை வைத்துச் சொல்கிறோம். உங்கள் பதிவில் சில நொடி முன்பின் இருக்கும்.

தொடக்கம். பபப கா, மமம ரீ. இது தாளத்தின் சமத்தில் தொடங்கவில்லை, அரை இடம் தள்ளி எடுப்பு. முதலில் ஒரு சின்ன ஓய்வு, பிறகுதான் மூன்று குறில், ஒரு நெடில். கையால் தட்டும்போது நெடிலில்தான் சமம் விழ வேண்டும். முதல் சுரத்திலேயே தட்டினால் எல்லாம் மூன்று மூன்றாகப் போவதுபோல் தோன்றி, பிறகு வருவதெல்லாம் கோணலாகிவிடும். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த எட்டுச் சுரத்தில் ஷட்ஜம் எங்கே? ஒரு கட்டை என்று வைத்தால் பபப கா, மமம ரீ. இரண்டரைக் கட்டை என்று வைத்தால் அதே ஒலி ககக ஸா, ரிரிரி நீ. எது சரி என்று சொல்ல அடியில் ஒரு கார்டும் இல்லை. தந்திக் கருவிகளும் கிளாரினெட்டும் ஒரே வரியைத்தான் வாசிக்கின்றன. உலகமே அறிந்த இந்தத் தொடக்கம் தன் ஷட்ஜத்தைச் சொல்லாமலே தொடங்குகிறது. முழு மூவ்மென்டும் சண்டையிடப்போகும் இரண்டு வீடுகளும் இந்த ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன. தனியாக உட்கார்ந்து இரண்டு விதமாகவும் பாடிப் பாருங்கள். இதைவிடச் சிக்கனமான தொடக்கம் சிம்பொனிகளில் அரிது.

0:42 அளவில் ஹார்ன்கள் தனியே முழங்கும்: பபப ஸா ரீ பா, இப்போது இரண்டரைக் கட்டையில். உடனே வயலின்களில் இதமான மெட்டு வரும்: பஸ நிஸ ரித தப. அது பாடும்போது கீழே செல்லோவும் டபுள் பாஸும் அந்த மூன்று குறில் ஒரு நெடிலை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். சின்ன ஸ்பீக்கரில் இது கேட்காது.

1:25 அளவில் முதற்பகுதி முடிந்து, எழுதியபடியே முழுசாகத் திரும்ப வரும். 2:50 அளவில் நடுப்பகுதி தொடங்கும். அதன் கடைசி முப்பது நொடிக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பீத்தோவன் ஹார்ன் முழக்கத்தை எடுத்து, முதலில் இரண்டு சுரமாக்குகிறார், பிறகு ஒன்றாக்குகிறார். ஊதுகருவிகள் ஒரு கார்டு, தந்திகள் ஒரு கார்டு என்று மாறி மாறி, ஒலி மங்கி மங்கி மூச்சு மட்டும் மிஞ்சுகிறது. மெட்டைத் தேடுகிறவருக்கு இங்கே ஒன்றுமே நடக்கவில்லை. முழக்கத்தை நினைவில் வைத்திருப்பவருக்கு ஒரு பெரிய உருவம் கண் முன்னே தேய்ந்து போகிறது.

4:10ஐ ஒட்டி முதல் வாக்கியம் முழு ஆர்கெஸ்ட்ராவோடு வந்து இறங்கும். சில நொடிகளில் எல்லாம் நின்று, ஓபோ என்ற குழல் மட்டும் தாளமின்றி ஒரு சிறு விருத்தம் பாடும். 268ஆவது பார். முதற்பகுதியில் இதே இடத்தில் வயலின்கள் வெறும் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும்.

5:00 அளவில் மறுபடி அந்த முழக்கம், இப்போது ஒரு கட்டையில். ஆனால் பீத்தோவன் அதை ஹார்னுக்கு எழுதவில்லை, பாசூனுக்கு எழுதியிருக்கிறார். அன்றைய ஹார்னில் வால்வு கிடையாது, ஈ ஃப்ளாட்டில் அமைத்த ஹார்னில் இந்தச் சுரங்கள் திறந்த ஒலியாக வராது. வால்வு வந்த பிறகு பல நடத்துநர்கள் 'அவருக்கும் ஹார்ன்தான் விருப்பமாக இருந்திருக்கும்' என்று மாற்றிக்கொண்டார்கள். இன்று பலர் பாசூனுக்கே திரும்பிவிட்டார்கள். இரண்டு பதிவுகளை எடுத்து இந்த ஐந்து நொடியை மட்டும் ஒப்பிடுங்கள். ஹார்ன் வெற்றி முழக்கமாக இருக்கும், பாசூன் சற்று மூக்கடைத்த, தயங்கும் குரலாக இருக்கும். எங்களுக்குப் பாசூன்தான் பிடிக்கும். அந்தத் தயக்கம் இருந்தால்தான் பின்னால் வரும் அடி சரியாக விழுகிறது.

5:50க்கு மேல் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். ஆனால் வால்பகுதியான கோடா 129 பார் நீளம். முதற்பகுதி 124, நடுப்பகுதி 123, திரும்பல் 126 பார். வாலே உடம்பின் அளவுக்கு இருக்கிறது! மேஜரில் ஆறுதலாக முடியப்பார்த்ததை மறுபடி மைனருக்கு இழுத்துவருவதற்கு அவருக்கு அவ்வளவு இடம் வேண்டியிருந்தது.

கேள்வி: விளக்கத்தில் சொன்ன நிமிடக் கணக்கு என்னிடம் உள்ள பதிவோடு ஒரு நிமிடத்துக்கும் மேல் வித்தியாசப்படுகிறதே? (வாசகர், சேலம்)

ஒரு நிமிடத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் வேகம் மட்டும் காரணமாக இருக்காது. முதற்பகுதியைத் திரும்ப வாசிக்காமல் விட்டிருப்பார்கள். பழைய பதிவுகள் பலவற்றில் இது சகஜம். அப்படியானால் 1:25க்குப் பிறகு உள்ள எல்லா நேரத்திலும் முதற்பகுதியின் நீளத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நிமிடத்தைவிட நம்பகமானது பார் எண். ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய நூலகத்தில் இந்தச் சிம்பொனிகளின் அச்சு ஸ்கோர் (எல்லாக் கருவிகளின் சுரக்குறிப்பும் சேர்ந்த பிரதி) இலவசமாகக் கிடைக்கிறது. தேடும்போது ஆக்கத்தின் பட்டியல் எண்ணைச் சேர்த்துத் தேடுங்கள்: பீத்தோவன் 5 என்றால் ஓபஸ் 67, மொஸார்ட் 40 என்றால் கெஷெல் (K.) 550. வெறுமனே 'ஜி மைனர் சிம்பொனி, மொஸார்ட்' என்று தேடினால் 25ஆவதும் வந்து நிற்கும், அதுவும் ஜி மைனர்தான்.

கேள்வி: நோட்டேஷன் படிக்கத் தெரியாது. ஸ்கோர் வைத்துக்கொண்டு என்ன செய்வது? (வாசகி, மதுரை)

சுரத்தைப் படிக்க வேண்டாம், பக்கத்தைப் படமாகப் பாருங்கள். மேலிருந்து கீழே புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பாசூன். அதற்குக் கீழே ஹார்ன், டிரம்பெட், இருந்தால் டிராம்போன். பிறகு டிம்பனி. அடியில் முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ். எந்த வரி காலியாக இருக்கிறது, எது கறுத்து நிறைந்திருக்கிறது என்பதை மட்டும் விரலால் தொடருங்கள். ஹைடனின் 16ஆவது பாரில் அதுவரை வெறுமையாக இருந்த வரிகளெல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில் நிறைவதைப் பார்க்கலாம். வழி தவறினால் பதற வேண்டாம், அடுத்த பெரிய சத்தம் வரும் வரை காத்திருந்து பக்கத்தின் கறுத்த இடத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

ஸ்கோரும் வேண்டாம் என்றால் ஒரு தாளில் 16 கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு அரை நிமிடம், எட்டு நிமிட மூவ்மென்டுக்குப் போதும். முதல் மெட்டுக்கு ஒரு குறி, இரண்டாவதற்கு ஒரு குறி, திரும்ப வரும் இடத்தில் அதே குறி. முதல் நாள் பேனா இல்லாமல் முழுதாகக் கேளுங்கள். மறுநாள் வானொலி விளக்கம். மூன்றாம் நாள் கட்டத்தை நிரப்புங்கள். பிறகு இரண்டு நாள் இடைவெளி விட்டு, தாளைப் பார்க்காமல் ஒரு முறை. விளக்கத்தை முதலில் கேட்டுவிட்டால் விளக்குநர் காட்டியது மட்டுமே உங்களுக்குக் கேட்கும். ஒரு வாரத்துக்கு ஒரு மூவ்மென்ட் போதும்.

கேள்வி: பேருந்தில் இயர்போனில் கேட்கலாமா? (வாசகர், சென்னை)

விளக்க நிகழ்ச்சியைக் கேட்கலாம். சிம்பொனியை வேண்டாம். பீத்தோவன் 5இல் மூன்றாவது மூவ்மென்டின் கடைசியில் தந்திகள் மிக மெல்லிய ஒரு கார்டைப் பிடித்துக்கொள்ள, டிம்பனி ஏறக்குறைய அரை நிமிடம் தட்டிக்கொண்டே இருக்கும். பேருந்தில் அது கேட்கவே கேட்காது. ஒலியை ஏற்றுவீர்கள். நான்காவது மூவ்மென்ட் இடைவெளியே இல்லாமல் டிராம்போன், பிக்கலோ, கான்ட்ராபாசூன் சகிதம் வெடிக்கும்போது காது வலிக்கும். அந்த மூன்று கருவிகளும் இந்தச் சிம்பொனியில் முதன்முறையாகச் சேர்வதே அங்கேதான்.

வீட்டிலும் சில அமைப்புகளைக் கவனியுங்கள். மெல்லியதையும் ஓங்கியதையும் சமன்செய்யும் வசதி, இரவு நேர ஒலி முறை, இரண்டையும் அணைத்துவிடுங்கள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடும் அமைப்பு இருந்தால் மேலே சொன்ன 3, 4 இணைப்பு நடுவில் அறுந்துவிடும். கலைத்துப்போடும் ஷஃபிள் வேண்டவே வேண்டாம். அளவு வைக்க ஒரு வழி: மிக ஓங்கிய இடத்தை முதலில் போட்டு, தாங்கக்கூடிய அளவில் ஒலியை நிறுத்திவிட்டு, பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். நடுவில் தொடாதீர்கள்.

கேள்வி: 'விதி கதவைத் தட்டும் ஓசை' என்று பீத்தோவனே சொன்னாராமே? (வாசகர், திருநெல்வேலி)

அப்படிச் சொன்னதாக எழுதியவர் அவருடைய உதவியாளராக இருந்த ஷின்ட்லர். பீத்தோவன் காது கேளாமல் போன பிறகு மற்றவர்கள் எழுதிக் காட்டிய உரையாடல் நோட்டுகளில், அவர் இறந்த பின் ஷின்ட்லர் தாமாகவே வரிகளைச் சேர்த்தது 1970களில் ஆய்வாளர்களால் வெளிப்பட்டது. எனவே அவர் வாக்கை நம்பி இசையைக் கேட்க வேண்டியதில்லை. உறுதியான செய்தி வேறொன்று உண்டு: மூன்று குறில் ஒரு நெடில் என்பது மோர்ஸ் குறியீட்டில் வி என்ற எழுத்து. வெற்றி என்ற பொருளில், 1941இலிருந்து பி.பி.சி. தன் ஐரோப்பிய ஒலிபரப்பில் அதை முரசில் தட்டி ஒலிக்கச் செய்தது.

கேள்வி: இப்படி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தால் ரசனை போய்விடாதா? (வாசகி, கொழும்பு)

இந்தக் கவலை வானொலி அளவுக்கே பழையது. அமெரிக்காவில் வால்டர் டாம்ரோஷ் 1928 முதல் 1942 வரை என்.பி.சி. வானொலியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை ரசனை நிகழ்ச்சி நடத்தினார். 1938இல் அங்கே வானொலி ஆய்வுத் திட்டம் ஒன்றில் சேர்ந்த தத்துவவாதி அடோர்னோ அந்த நிகழ்ச்சியைக் கடுமையாக விமர்சித்தார். பிள்ளைகள் மெட்டை அடையாளம் காண மட்டுமே கற்கிறார்கள், மெட்டுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கேட்பதில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

அந்த இடத்தில் அவர் சொன்னது சரி. 'இதோ முதல் மெட்டு, இதோ இரண்டாவது மெட்டு' என்று சீட்டு ஒட்டுவதோடு நிற்கும் விளக்கம் ரசனையை வளர்க்காது. மெட்டுக்கு வார்த்தை போட்டுக் கற்றுத்தரும் வழக்கம் அதைவிட மோசம். அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் போகாது. ஆனால் பிரிப்பதே தவறு என்று ஆகாது. மொஸார்ட் 40இன் முதல் மூவ்மென்டில் இரண்டாவது மெட்டு முதலில் ஆறரைக் கட்டை மேஜரில் வரும். கடைசியில் அதே மெட்டு ஐந்து கட்டை மைனரில் திரும்பும். பீத்தோவன் 5இல் அது மேஜராகவே திரும்பியது, மொஸார்ட்டில் அந்த ஆறுதலும் பறிபோகிறது. முதலில் வந்ததை நினைவில் வைத்திருக்காத காதுக்கு இது இன்னொரு சோக மெட்டு, அவ்வளவுதான். நினைவில் வைத்திருப்பவருக்கு நெஞ்சு அடைக்கும். அந்த நினைவைத்தான் வானொலி விளக்கம் கட்டிக்கொடுக்க வேண்டும்.

கேள்வி: பீத்தோவன் 5 பழகிவிட்டது. அடுத்து மாலரைக் கேட்கலாமா? (வாசகர், புதுச்சேரி)

பொறுங்கள். மாலரின் 3ஆம் சிம்பொனி ஒன்றே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அதற்கு முன் ஷூபர்ட்டின் 'முடிவுறாத' சிம்பொனி, இரண்டே மூவ்மென்ட். பிறகு டிவோர்ஷாக்கின் 9ஆவது, 1893இல் நியூயார்க்கில் அரங்கேறியது. அதன் இரண்டாவது மூவ்மென்டில் ஓபோவின் அக்கா போன்ற கோர் ஆங்கிலே என்ற குழல் பாடும் மெட்டை ஒரு முறை கேட்டாலே மனப்பாடமாகிவிடும்.

அதற்கும் பிறகு பிராம்ஸின் 4ஆவது, நான்காம் மூவ்மென்ட். தாளம் போடத் தெரிந்த தமிழ்க் காதுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. எட்டே பாரில் ஒரு மெட்டு, மூன்று கட்டையில்: ஸ ரி க ம ம ப ப ஸ. அதில் முதல் மத்யமம் சுத்தம், இரண்டாவது பிரதி, அடுத்தடுத்து வரும். இந்த எட்டு பார் ஆவர்த்தனம் விடாமல் 30 முறை மாறி மாறி வந்து, பிறகு கோடா. விரலை மடக்கி எட்டு எட்டாக எண்ணிக்கொண்டே போங்கள். 97ஆவது பாரில், அதாவது 12ஆவது மாறுபாட்டில், தனிப் புல்லாங்குழல் வரும்போது பலரும் எண்ணிக்கையை விட்டுவிடுவார்கள். அங்கே எட்டு பார் எட்டாகவே இருக்கிறது, ஒவ்வொரு பாரும் இரட்டிப்பு நீளமாகிவிட்டது. விளம்ப காலத்துக்குப் போனதுபோல் உங்கள் கையையும் மெதுவாக்குங்கள். அடுத்து மேஜருக்கு மாறி, 14ஆவதில் டிராம்போன்கள் கோயிலில் பாடுவதுபோல் அடங்கி ஒலிக்கும். முதல் மூன்று மூவ்மென்டும் அவர்கள் கருவியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவர்கள். 129ஆவது பாரில் முதல் மெட்டு ஓங்கிய குரலில் திரும்பும்போது உங்கள் விரல் ஒன்றில் இருந்தால் எண்ணிக்கை சரி.

கேள்வி: மூவ்மென்டுகளுக்கு நடுவே கைதட்டலாமா? (வாசகர், ஈரோடு)

இன்றைய அரங்க வழக்கப்படி கடைசி மூவ்மென்ட் முடிந்து, நடத்துநர் கையை இறக்கிய பிறகு தட்டுவார்கள். பீத்தோவன் காலத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. 1813இல் அவருடைய 7ஆம் சிம்பொனி அரங்கேறியபோது இரண்டாவது மூவ்மென்டை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.